மண்ணுக்கு மட்டும் வரி கேட்டவர்

1865-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். ஓர் ஏழை வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்தது. பெற்றவளுக்குக் கொடுக்க வீட்டில் உணவு இல்லை. கணவர் தெருவுக்கு ஓடினார். முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, 5 டாலர் கேட்டார். அவரும் கொடுத்தார்.

கை நீட்டிய அந்த மனிதர்தான், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஜார்ஜ்!

1839-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். வீட்டில் 10 பிள்ளைகள். 14 வயது ஆகுமுன்பே படிப்பு நின்றது. கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வரை வந்தார். பிறகு கலிபோர்னியாவில் அச்சுக் கோத்தார்; பத்திரிகை ஆசிரியரானார்.

வண்டிக்காரர் சொன்ன விலை

நாடு செழிக்கும்போது ஏழ்மையும் ஏன் வளர்கிறது? இந்தக் கேள்வி அவரை வாட்டியது.

1870-ல் ஒருநாள், ஓக்லாந்து நகருக்கு அருகே குதிரையில் சென்றார். அங்கே நிலம் என்ன விலை என்று ஒரு வண்டிக்காரரிடம் விசாரித்தார். மாடு மேயும் வெறும் நிலம், ஏக்கர் 1,000 டாலர் என்று தெரிந்தது.

அந்த நிலத்தில் யாரும் பாடுபடவில்லை. ரெயில் வந்தது, ஜனங்கள் பெருகினார்கள், விலை ஏறியது. ஊரால் வந்த லாபம் ஒருவர் பைக்குப் போகிறது. நிலம் இல்லாதவர் வாடகை கொடுத்தே தேய்கிறார். விடை கிடைத்துவிட்டது!

அவர் திட்டம்

கூலிக்கு வரி வேண்டாம். கட்டும் வீட்டுக்கும் வரி வேண்டாம். மண்ணின் மதிப்புக்கு மட்டும் வரி போடவேண்டும் என்றார்.

அருகருகே இரண்டு மனைகள். ஒன்றில் வீடு இருக்கிறது. மற்றொன்று காலி. இரண்டுக்கும் ஒரே வரி. விலை ஏறட்டும் என்று சும்மா போட்டு வைத்தவருக்கு நஷ்டம். அவர் வீடு கட்டவேண்டும், இல்லையேல் விற்கவேண்டும். இல்லாதவருக்கும் இடம் கிடைக்கும்.

இதை விளக்கி ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலை எழுதினார். வெளியிட ஆள் இல்லை. நண்பரின் அச்சகத்தில் முதல் வரிகளைத் தாமே அச்சுக் கோத்தார். 1879-ல் வெளிவந்த அந்த நூல் பல மொழிகளில் பரவியது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயும், சீனத் தலைவர் சன் யாட்சென்னும் அவர் கருத்தைப் போற்றினார்கள்.

கடைசித் தேர்தல்

1886-ல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். ஆனாலும் பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். 1897-ல் மீண்டும் நின்றார். உடல்நிலை சரியில்லை; டாக்டர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. ஓட்டுப்பதிவுக்கு 4 நாள் முன்பு, அக்டோபர் 29-ந் தேதி காலமானார். ஏழை எளியவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அஞ்சலி செலுத்தினார்கள்.

அவர் திட்டத்தை எந்த நாடும் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் அவர் பிறந்த பென்சில்வேனியா மாநிலத்தில், சில நகரங்கள் இன்றும் கட்டடத்தைவிட மண்ணுக்கே அதிக வரி போடுகின்றன.