நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்தவர்

ஹைதராபாத் கோட்டிப் பக்கம் போகும் அன்பர்கள், பிற்காலத்தில் மகளிர் கல்லூரியாக மாறிய பழைய ரெசிடென்சி மாளிகையைப் பார்த்திருப்பார்கள். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அதன் அருகே ஒரு லேவாதேவிக் கம்பெனி நடந்தது. நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்த கம்பெனி அது. அதன் முதலாளி வில்லியம் பாமர்.

பாமர் 1780-ல் லக்னோவில் பிறந்தார். தந்தை ஆங்கிலத் தளபதி. தாய் முஸ்லிம் சீமாட்டி. ஆங்கிலேயருக்கு இவர் முழு ஆங்கிலேயர் அல்ல, ஹைதராபாத்துக்கோ வெளியூர்க்காரர். நிஜாமின் படையில் அதிகாரியாக இருந்தவர், உத்தியோகத்தை விட்டு 1814-ல் தொழில் தொடங்கினார். கோதாவரிக் காடுகளில் மர வியாபாரமும் செய்தார்.

இந்திய மன்னர்களுக்கு ஆங்கிலேயர் கடன் கொடுக்கச் சட்டம் தடை விதித்திருந்தது. 1816-ல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு பாமருக்கு விலக்களித்தார். பிரபு மகள்போல் வளர்த்த பெண்ணை மணந்த ரம்போல்டு, கம்பெனியின் கூட்டாளி! சென்னை கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டின் பேரர் இவர்.

பேஷ்கார் சந்துலால் படைச் சம்பளத்துக்குக் கடன் வாங்கினார். ஜில்லாக்களின் வரி வசூல் ஈடாயிற்று. வட்டி 25 சதவீதம் வரை ஏறியது. அதைச் சுமந்தவர்கள் உழவர்கள்தாம்.

1820-ல் 60 லட்ச ரூபாய்க் கடனுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ரெசிடெண்டாக வந்த மெட்காப் கணக்கைப் புரட்டினார். அதில் பெரும்பகுதி பழைய பாக்கி என்று தெரிந்தது. பிரபுவின் கோபத்துக்கும் அஞ்சாமல் கல்கத்தாவுக்கு எழுதினார்.

1823-ல் ஹேஸ்டிங்ஸ் பதவி விலகிக் கப்பலேறினார். அவ்வாண்டே கிழக்கிந்தியக் கம்பெனி கடனை அடைத்தது. அதற்கு ஈடாக, வட சர்க்கார் ஜில்லாக்களுக்காக ஆண்டுதோறும் பெற்றுவந்த 7 லட்ச ரூபாயை நிஜாம் நிரந்தரமாக இழந்தார். 1824-ல் பாமர் கம்பெனி முறிந்தது. நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தனர்.

பாமர் ஊரை விட்டு ஓடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஹைதராபாத்திலேயே வாழ்ந்து, 1867-ல் காலமானார்.

அயலூரில் தொழில் தொடங்க அவருக்குத் துணிவும் திறமையும் இருந்தன. ஆனால் கடையை அதிகாரியின் தயவில் கட்டினார். அதிகாரி மாறியதும் கடை சரிந்தது. சிறு முதலோடு இங்கே கடை போட எண்ணும் நம்மவர்கள் மறக்கக் கூடாத வரலாறு இது.