பனிமேல் இழுத்த பாரம்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகையும் சுக்கையும் மூட்டை மூட்டையாகக் கைவண்டியில் ஏற்றி இழுத்துச் செல்வர். ஒரு மூட்டை குறைந்தால் அன்றைய கூலி குறையும். ஆனால், பனி சூழ்ந்த தென்துருவத்தில் வண்டி இழுப்போருக்குப் பொருள் குறைந்தால் உயிர் போகும். மிகுந்தால் கால்கள் தளரும். இக்கணக்கை நன்கு அறிந்தவர் ஹென்றி பவர்ஸ்.

இவர் 1883ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். உருவத்தில் குட்டையானவர், உடல் உரம் மிக்கவர். இந்தியக் கடற்பணியில் சேர்ந்து, பர்மாவின் ஐராவதி ஆற்றிலும் பணியாற்றினார். 1910இல் ஸ்காட் என்பாரின் தென்துருவப் பயணக் குழுவில் இணைந்து, சரக்குகளுக்குப் பொறுப்பேற்றார். அவற்றைக் கணக்கிட்டு அடுக்கிய திறமை கண்டு, ஸ்காட் அவரைக் கரையில் தங்கும் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்.

1911ஆம் ஆண்டின் இருண்ட குளிர்காலத்தில், பெங்குவின் முட்டைகளைத் தேடி பவர்ஸ் இரு நண்பர்களுடன் புறப்பட்டார். உணவு, எண்ணெய், கூடாரம் என ஏறத்தாழ 340 கிலோ பாரம் இரண்டு சறுக்குவண்டிகளில் இருந்தது. இரண்டையும் ஒருசேர இழுக்க இயலாதபோது, ஒன்றை இழுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து மற்றொன்றை இழுத்தனர். இதனால் ஒரு கிலோமீட்டர் முன்னேற மூன்று கிலோமீட்டர் நடக்க நேர்ந்தது. ஒருநாள் சூறைக்காற்று கூடாரத்தைப் பறித்துச் சென்றது. நல்வாய்ப்பாக அது மீண்டும் கிடைத்தது. அதன்பின் பவர்ஸ் கூடாரத்தைக் கயிற்றால் தம்மோடு பிணைத்துக்கொண்டே உறங்கினார்.

பின்னர்த் துருவத்தை நோக்கிய இறுதிப் பயணத்திற்கு நால்வருக்கு மாறாக ஐவர் சென்றனர். உணவோ நால்வருக்கெனப் பகுக்கப்பட்டிருந்தது. பவர்ஸின் பனிச்சறுக்குக் கட்டைகள் வழியிலேயே விடப்பட்டிருந்தன. ஆகவே, மற்றவர் சறுக்கிச் செல்ல, அவர் மட்டும் பனியில் கால் புதைய நடந்து வண்டியை இழுத்தார். 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்தனர். அமுண்ட்சென் குழுவினர் அதற்கு முன்பே வந்து சென்றிருந்தனர்.

திரும்பும் வழியில், முன்பே சேமித்து வைத்திருந்த எண்ணெய் கசிந்து குறைந்திருந்தது. இருவர் மாண்டனர். பெரிய சேமிப்பிடத்திற்கு 18 கிலோமீட்டர் தொலைவில் எஞ்சிய மூவரையும் புயல் தடுத்தது. பவர்ஸ் 28ஆம் வயதில் அங்கேயே உயிர் நீத்தார்.

எட்டுத் திங்களுக்குப் பின் தேடி வந்தோர், அவர்களுடைய வண்டியில் 16 கிலோ கற்களைக் கண்டனர். தளர்ந்த நிலையிலும் அவற்றை அவர்கள் எறிந்துவிடவில்லை. அக்கற்களில் பழங்காலச் செடியொன்றின் இலைச்சுவடுகள் இருந்தன. அத்தகைய சுவடுகள் இந்திய நிலக்கரிப் படுகைகளிலும் உண்டு. இந்தியாவும் தென்துருவ நிலமும் ஒருகாலத்தில் இணைந்திருந்தன என்பதற்கு அவை சான்றாயின.