விரலால் கேட்ட டாக்டர்

தோழிகளே, நான் எழுதப் போவது ஹெலன் டௌசிக் அம்மாவைப் பற்றி. 1898-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மா காசநோயில் இறந்துட்டாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கவே ரொம்பத் திணறினார். அப்பாதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்போது ஹார்வர்டில் பெண்களுக்கு டாக்டர் பட்டம் கிடையாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து 1927-ல் டாக்டரானார். அப்புறம் பார்த்தால் காது மந்தமாகிவிட்டது! இதய டாக்டருக்குக் காது கேட்காவிட்டால் எப்படி? குழந்தைகளின் நெஞ்சில் விரலை வைத்தே துடிப்பை அறிந்தார்.

சில குழந்தைகளுக்கு உதடு, நகமெல்லாம் நீலமாக இருக்கும். பிறவியிலேயே இதயச் சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வால்வுப் பாதையும் குறுகல். அதில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது பக்கத் தசை தடித்துவிடும். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நுரையீரலுக்கு வேறு வழியில் ரத்தம் அனுப்பலாமே என்று யோசித்தவர் இவர்தான். சர்ஜன் பிளாலக்கிடம் கேட்டார். நாய்களுக்குச் செய்து பார்த்து வழி கண்டவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அவர் பேரை ரொம்ப வருஷம் யாரும் சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் கோபம்.

1944 நவம்பர் 29-ல் ஒரு பெண் குழந்தைக்கு முதல் ஆபரேஷன். பாவம், சில மாதம்தான் இருந்தது. மூன்றாவதாக வந்தவன் ஆறு வயசுப் பையன். ஆபரேஷன் மேஜையிலேயே அவன் உதடு நீலம் மாறிச் சிவந்தது.