மூஸா இப்னு மைமூன்: கலங்கிய நெஞ்சங்களுக்கு ஒரு கைவிளக்கு

அரபு மொழியில் எழுந்த பேரிலக்கியங்களின் வரிசையில் எபிரேய எழுத்துகளால் எழுதப்பெற்ற நூல்களும் உண்டு. மொழி அரபு, எழுத்து எபிரேயம், எழுதியோர் யூதப் பெருமக்கள். இச்செய்தி பிறர்க்கு வியப்பளிக்கலாம். தமிழக முஸ்லிம்களாகிய நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. நாவில் தமிழும் ஏட்டில் அரபு எழுத்துமாக வளர்ந்த அரபுத் தமிழ் இலக்கியத்தின் வாரிசுகள் அல்லவா நாம்? அவ்வாறே அரபு நாடுகளில் வாழ்ந்த யூதர்கள் தாம் பேசிய அரபு மொழியைத் தம் வேத எழுத்தில் எழுதினர். அவர்தம் சமய, தத்துவ நூல்களுள் தலையாயவை அம்முறையில் எழுதப்பட்டவையே. அந்நூல்களின் ஆசிரியருள் முதலிடம் பெறுபவர் மூஸா இப்னு மைமூன் ஆவார். மேலைநாட்டார் அவரை மைமோனிடீஸ் என்பர். யூதர்கள் ரம்பம் எனச் சுருக்கி அழைப்பர்.

குர்துபாவின் மைந்தர்

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் 1138-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் மைமூன் யூத சமயச் சட்டத்தில் வல்லவர், நீதிபதியாக விளங்கியவர். இப்னு ருஷ்து என்னும் பேரறிஞர் 1126-ஆம் ஆண்டு பிறந்ததும் அதே நகரில்தான். பன்னிரண்டாண்டு இடைவெளியில் ஒரே நகரம் இரு சமயங்களுக்கும் இரு பெருந்தத்துவ ஞானியரை ஈன்று தந்தது.

ஆயினும் அந்நகரில் நிலைத்து வாழும் பேறு மூஸாவுக்குக் கிட்டவில்லை. 1148-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் முவஹ்ஹிதீன் ஆட்சியாளர்கள் குர்துபாவைக் கைப்பற்றினர். முந்தைய முஸ்லிம் ஆட்சிகள் யூதர்க்கும் கிறித்தவர்க்கும் அளித்துவந்த பாதுகாப்பை அவர்கள் நீக்கினர். மதம் மாறுதல், நாடு நீங்குதல், இன்றேல் உயிர் துறத்தல் என்னும் நிலை ஏற்பட்டது. மார்க்கத்தில் கட்டாயம் கூடாது என்னும் திருமறை நெறிக்கு மாறான இச்செயலை நாம் மறைக்கவோ மழுப்பவோ வேண்டியதில்லை. வரலாற்றை உள்ளவாறு கற்பதே கல்விக்கு அழகு.

குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. 1160-ஆம் ஆண்டளவில் மொராக்கோவின் ஃபாஸ் நகரை அடைந்து, ஐந்தாண்டுகள் அங்குத் தங்கியது. 1165-இல் கப்பலேறி, கடும் புயலில் தப்பிப் பாலஸ்தீனத்தின் அக்கா துறைமுகத்தில் இறங்கியது. அந்நாடு அப்போது சிலுவைப்போர் வீரர்களின் கையில் இருந்தது. ஜெரூசலத்தையும், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலம் அமைந்த ஹெப்ரோனையும் கண்டு வணங்கிய பின் அக்குடும்பம் எகிப்து சென்று, கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத் நகரில் குடியமர்ந்தது.

அலைகளின் மேல் எழுதிய உரை

இத்துணை அலைச்சலுக்கிடையிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. யூதர்தம் வாய்மொழிச் சட்ட மரபின் மூலநூல் மிஷ்னா. அதற்கு அரபு மொழியில் ஓர் உரை எழுத 23-ஆம் வயதில் தொடங்கினார்; 30-ஆம் வயதில், 1168-இல், முடித்தார். சில பகுதிகளைப் பயண வழியிலும் சிலவற்றைக் கப்பலிலும் எழுத நேர்ந்ததென்றும், பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுமென்றும் நூலின் இறுதியில் வேண்டிக்கொள்கிறார்.

அவ்வுரையின் ஒரு பகுதிக்கு எட்டு இயல்களில் அமைந்த முன்னுரை ஒன்று உண்டு. மனித உள்ளத்தின் நோய்களையும் அவற்றுக்குரிய மருந்தினையும் பேசுவது அது. அதிலுள்ள கருத்துகள் அனைத்தும் தாமே கண்டவை அல்ல என்றும், யூத முன்னோரிடமிருந்தும் பிற சமய அறிஞரிடமிருந்தும் திரட்டியவை என்றும் அவர் ஒளிவின்றி உரைக்கிறார். உண்மையைச் சொல்பவர் யாராயினும் ஏற்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறியும் இதுவே அன்றோ? அம்முன்னுரையின் பல பகுதிகள் முஸ்லிம் தத்துவ அறிஞர் அல்ஃபாராபியின் நூலைத் தழுவியவை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். தம் மக்களை விரட்டிய அரசர்களும் முஸ்லிம்கள். தமக்கு அறிவூட்டிய ஆசான்களும் முஸ்லிம்கள். முன்னவர் மேலிருந்த கசப்பு பின்னவரிடம் கற்பதற்குத் தடையாக நிற்க அவர் இடந்தரவில்லை. அவர் வாழ்க்கையின் உயிர்நாடி இதுவே.

கடல் கொண்ட தம்பி

எகிப்து வந்த சிறிது காலத்தில் தந்தையார் மறைந்தார். தம்பி தாவூது மாணிக்க வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். அண்ணன் நூல்களோடு வாழத் தம்பி பொருளீட்டினார். வணிகத்தின்பொருட்டுச் செங்கடல் கரையின் ஐதாப் துறைமுகத்தை அடைந்த தம்பி, அங்கே தக்க சரக்கு கிடைக்காமையால் இந்தியா நோக்கிப் பயணப்படத் துணிந்தார். பாலைவனம் கடந்த துன்பத்தையும், மேற்கொண்டு செல்லவிருப்பதையும் கூறி, அண்ணனைக் கவலற்க எனத் தேற்றி அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அதன்பின் அவர் மீளவில்லை. நம் நாட்டுக் கரைகளைத் தழுவும் அதே இந்தியப் பெருங்கடல் அவரை விழுங்கிற்று. அவருடைய பொருளும், பிறர் நம்பி ஒப்படைத்த பொருளும் உடன் மூழ்கின. இளம் மனைவியும் ஒரு சிறு பெண் குழந்தையும் அண்ணனின் பொறுப்பில் எஞ்சினர்.

ஏறத்தாழ ஓராண்டு மூஸா படுத்த படுக்கையானார். எட்டாண்டுகள் கழிந்த பின்னும் அத்துயர் ஆறவில்லை என்பதை, நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடல் காட்டுகிறது. தம்பியின் கையெழுத்தைக் காணுந்தோறும் நெஞ்சம் புரண்டதாக அதில் குறிப்பிடுகிறார்.

இனி வாழ்க்கைக்கு வழி என்ன? மார்க்க அறிவை விற்று உண்பது கூடாது என்பது அவருடைய உறுதியான கருத்து. அதைத் தம் நூல்களிலும் வற்புறுத்தியவர் அவர். எனவே மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டார். வாழ்நாள் முழுதும் உழைப்பால் உண்டு, ஓய்வில் எழுதினார்.

சட்டப் பெருந்தொகுப்பு

தல்மூத் என்பது கடலனையது. வாதங்களும் எதிர்வாதங்களும் கதைகளும் கலந்து கிடக்கும் அப்பரப்பில் ஒரு சட்டத்தைத் தேடிக் காண்பது கற்றோர்க்கே அரிது. அதனை எளிய எபிரேய மொழியில், பொருள்வாரியாகப் பகுத்து, 14 பிரிவுகளில் தொகுத்தளித்தார். மிஷ்னே தோரா எனப்படும் அந்நூல் ஏறத்தாழ 10 ஆண்டு உழைப்பின் பயனாக 1178-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. சான்றுகளைக் குறிப்பிடாமல் முடிவுகளை மட்டும் தந்துவிட்டார் என்று சமகால அறிஞர் சிலர் கண்டித்தனர். எனினும் பின்வந்த யூதச் சட்ட நூல்கள் யாவற்றுக்கும் அது அடித்தளமாயிற்று.

அந்நூலில் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்துள்ளமை நம் சமுதாயப் பெரியோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. மனம் வருந்திக் கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பின் கொடுப்பதினும் கேளாமுன் கொடுப்பது மேல். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது அதனினும் மேல். எல்லாவற்றினும் உயர்ந்தது, நலிந்தவனுக்குக் கடனோ தொழிற்கூட்டோ வேலையோ தந்து, அவன் பிறரிடம் கையேந்தாதவாறு நிமிர்த்தி நிறுத்துவது. ஸகாத்தின் நோக்கம் அறிந்தார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

நீதி வழங்கிய காழி

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் வலக்கரமாக விளங்கிய அமைச்சர் அல்காழி அல்ஃபாழில். இலக்கியச் செல்வரான அவர் மூஸாவின் திறனறிந்து மருத்துவராக அமர்த்தி ஊதியமும் வழங்கினார். யூத சமுதாயத்தின் தலைமைப் பொறுப்பும் மூஸாவை வந்தடைந்தது.

இந்நிலையில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி அதனைப் பதிவு செய்துள்ளார். ஸ்பெயினிலிருந்து வந்த சட்ட அறிஞர் ஒருவர், மூஸா அங்கே இஸ்லாத்தைத் தழுவியிருந்து பின்னர் விலகியவர் என்று குற்றஞ்சாட்டினார். மெய்ப்பிக்கப்பட்டிருப்பின் அது உயிருக்கே உலை வைத்திருக்கும். அல்காழி அல்ஃபாழில் அவ்வழக்கைத் தள்ளிவிட்டார். கட்டாயத்தின் பேரில் ஒருவன் மதம் மாறினால் அம்மாற்றம் சட்டப்படி செல்லாது என்பதே அவருடைய தீர்ப்பு. மூஸா அவ்வாறு மாறியிருந்தாரா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றளவும் கருத்து வேற்றுமை உண்டு. தீர்ப்பின் பெருமையில் வேற்றுமைக்கு இடமில்லை. ஓர் ஆட்சி இழைத்த அநீதியை இன்னோர் ஆட்சியின் நீதிமான் இஸ்லாமியச் சட்டத்தைக் கொண்டே துடைத்தார்.

யமன் நாட்டு யூதர்கள் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானபோது, 1172-ஆம் ஆண்டளவில் அவர்களுக்கு மூஸா ஆறுதல் மடல் ஒன்று எழுதினார். அம்மடலில் முஸ்லிம் ஆட்சியைப் பற்றிய கடுமொழிகள் உண்டு. நமக்கு அவை கசக்கும். புண்பட்ட நெஞ்சின் குரலாக அவற்றைக் கொள்ளுதல் தகும். அதே மூஸா, யூத சமயத்தைத் தழுவிய ஒபதியா என்பார்க்கு எழுதிய விடையில், முஸ்லிம்கள் சிலை வணங்குவோர் அல்லர். குறையற்ற ஏகத்துவத்தை உடையவர்கள் என்று தீர்த்துரைத்தார். அதற்கு மாறாகச் சொன்ன ஆசிரியரைக் கடிந்தும் கொண்டார். துன்புற்றதற்காக உண்மையைத் திரித்துரைக்க அவர் ஒருப்படவில்லை.

கலங்கியோர்க்கு வழிகாட்டி

அவர் புகழை நிலைநாட்டிய தத்துவ நூல் தலாலத்துல் ஹாயிரீன். கலங்கியோர்க்கு வழிகாட்டி என்பது அதன் பொருள். 1190-ஆம் ஆண்டளவில் மூன்று பாகங்களாக அரபியில் எழுதப்பட்டது. தம்மிடம் பயின்று பின் வெளியூர் சென்ற யூசுஃப் என்னும் மாணவரின் ஐயங்களே அந்நூலுக்குத் தோற்றுவாய். வேதத்தை நம்பியும் தத்துவத்தைக் கற்றும், இரண்டும் முரண்படுவதாய் மயங்கி நிற்கும் இளைஞனுக்காகவே அது எழுந்தது. இறைவனுக்குக் கை, கண், அமர்தல் முதலியவற்றைச் சுட்டும் வேதச் சொற்களை எடுத்து, அவை உடலைக் குறிப்பன அல்ல என்று விளக்குகிறார். இறைவன் இன்னான் என்று கூற மனித மொழிக்கு ஆற்றல் இல்லை; இன்னதல்லன் என்று கூறுவதே ஏற்புடையது என்பது அவர் துணிபு. முஸ்லிம் கலாம் அறிஞர்களின் கோட்பாடுகளையும் 12 அடிப்படைகளாக வகுத்து ஆராய்கிறார். பாரசீக முஸ்லிம் அறிஞர் அத்தப்ரீஸி அந்நூலின் ஒரு பகுதிக்கு அரபியில் உரை வரைந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஓய்வறியா மருத்துவர்

இந்நூலை எபிரேயத்தில் பெயர்த்தவர் தென் பிரான்சு நாட்டின் சாமுவேல் இப்னு திப்போன். ஐயம் தெளிய நேரில் வர அவர் விரும்பியபோது, 1199-இல் மூஸா எழுதிய மறுமொழி அவர்தம் அன்றாட வாழ்வைக் கண்முன் நிறுத்துகிறது. நாள்தோறும் காலையில் ஃபுஸ்தாதிலிருந்து கெய்ரோ அரண்மனைக்குச் செல்ல வேண்டும். நண்பகலுக்குப் பின் பசியோடு வீடு திரும்பினால், முற்றமெங்கும் நோயாளிகள் நிறைந்திருப்பர். யூதரும் பிறரும், நீதிபதியும் எளியோரும், நண்பரும் பகைவரும் அதில் அடங்குவர். அவர்களிடம் பொறுத்திருக்க வேண்டி, அன்றைய ஒரே உணவை அருந்தி, இரவு வரை மருத்துவம் பார்ப்பார். களைப்பு மிகுதியால் படுத்தவாறே மருந்து எழுதித் தருவதும் உண்டு. தத்துவத்துக்கு அல்ஃபாராபியைப் படிக்குமாறும், அரிஸ்டாட்டிலைக் கற்க இப்னு ருஷ்தின் உரைகளைத் துணைக்கொள்ளுமாறும் மொழிபெயர்ப்பாளர்க்கு அம்மடலிலேயே அறிவுறுத்துகிறார். சுல்தானின் மகன் அல்அஃப்ழலுக்காக உடல்நல நெறி பற்றியும், அல்காழி அல்ஃபாழிலின் வேண்டுகோளுக்கிணங்க நஞ்சு முறிவு பற்றியும் அவர் எழுதிய அரபு மருத்துவ நூல்கள் புகழ்பெற்றவை.

நூல்கள் பட்டபாடு

1204-ஆம் ஆண்டு டிசம்பரில், ஹிஜ்ரி 601-இல், அவர் ஃபுஸ்தாதில் மறைந்தார். சாமுவேலின் மொழிபெயர்ப்பு அதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே நிறைவெய்தியிருந்தது. மகன் இப்ராஹீம் சமுதாயத் தலைமையை ஏற்றார்; சூஃபியர் நெறியைப் போற்றி அரபியில் நூலும் இயற்றினார். வழிகாட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, கிறித்தவ ஞானி தாமஸ் அக்குவினாஸ் மேற்கோள் காட்டும் நூலாயிற்று.

ஆயினும் எதிர்ப்பும் இல்லாமலில்லை. தத்துவம் சமயத்தைக் கெடுக்கும் என்றஞ்சிய யூதர் சிலரே தென் பிரான்சில் அந்நூலைத் தடை செய்தனர். 1230-களில் அது தீயிலிடப்பட்டதாகவும் வரலாறு கூறும். சில ஆண்டுகள் கழித்து, 1242-இல், பாரிசில் அரசாணையின்படி 24 வண்டி தல்மூத் ஏடுகள் எரிக்கப்பட்டன.

எரிந்தவை ஒருபுறமிருக்க, காக்கப்பட்டவையும் உண்டு. இறைவன் திருப்பெயர் பொறித்த தாளை எறிவது யூதர்க்குப் பெரும் பிழை. சிதைந்த திருமறைத் தாள்களைக் கண்ணியத்தோடு புதைக்கும் நம் வழக்கத்தை ஒத்தது இது. ஃபுஸ்தாதின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் அவ்வாறு சேர்த்துவைத்த தாள்களை, 1896-97-இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். மூஸா தம் கைப்பட எழுதிய ஏடுகளும், தம்பி தாவூது ஐதாபிலிருந்து விடுத்த மடலும் அக்குவியலில் கிடைத்தன. இந்தியக் கடல் வணிகத்தின் வரலாற்றுக்கும் அத்தாள்கள் அரிய சான்றாகும்.

யூதர் என்றும் முஸ்லிம் என்றும் பெயர் கேட்ட அளவில் பகைமையை நினைக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். அநீதியை அநீதி என்று சொல்லும் கடமை எவர்க்கும் உண்டு, மூஸாவும் சொன்னார். ஆனால் அநீதி இழைத்தாரின் இனத்தார் எழுதிய நூலை மூடிவைக்கும் பிழையை அவர் செய்யவில்லை. அவர் நூல்களை ஒதுக்கி வைத்தால், அல்ஃபாராபியும் இப்னு ருஷ்தும் எத்துணைத் தொலைவு சென்று ஒளி பரப்பினர் என்பதை நாமே அறியாதவராவோம். மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றை ஊன்றிக் கற்பார்களாக. கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் எவர் எழுதியதாயினும் நல்ல நூலை அவர்தம் கையில் கொடுப்பார்களாக.