முருகன் வேடத்தில் உயிர் நீத்த தேச பக்தர்

மேடையில் முருகனாக வருவார். வாய் திறந்து பாடினால் கொட்டகையே அதிரும். மேடை ஓரத்தில் போலீசார் காத்து நிற்பார்கள். பாடிய குற்றத்துக்காக அந்த முருகன் ஜெயிலுக்குப் போவார்! அவர்தான் விஸ்வநாததாஸ்.

சிவகாசியில் பிறந்தார்

விஸ்வநாததாஸ் 1886-ம் ஆண்டு சிவகாசியில், மருத்துவர் குலத்தில் பிறந்தார். முடி திருத்துவதும் வைத்தியம் பார்ப்பதும் அந்தக் குலத்தின் தொழில். அவருக்கோ நல்ல குரல். நாடகத்தில் சேர்ந்தார். பிறகு திருமங்கலத்தில் குடியேறினார்.

அந்தக் காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்றால் ஊரே திரளும். நடிகர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் அல்ல. ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து மேடையில் ஒன்று கூடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. விடிய விடிய நடக்கும். நடுவில் புதுப் பாட்டு ஒன்றைச் சேர்த்தால் தடுப்பார் இல்லை. இந்த வசதியைத்தான் தாஸ் பயன்படுத்திக்கொண்டார்.

வெள்ளைக் கொக்கு

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசில், ஜாலியன்வாலாபாக் மைதானத்தில் கூடியிருந்த மக்களைச் சுடும்படி ஜெனரல் டயர் உத்தரவிட்டான். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் மாண்டனர். அந்தக் கொடுமையை மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டாக எழுதினார். விஸ்வநாததாஸ் அதை ஊர் ஊராகப் பாடினார். அன்று இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகை போகாத ஊருக்கும் பாட்டு போயிற்று.

வள்ளி திருமணம் நாடகத்தில் அவர் கொக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். வள்ளியோ தினைப்புனத்தில் பறவை விரட்டுகிறவள். கதைக்குப் பொருத்தமான பாட்டுதானே! ஆனால் அந்தக் கொக்கு வெள்ளைக் கொக்கு. அது யார் என்று ஜனங்களுக்குத் தெரியும். போலீசாருக்கும் தெரியும்!

நாடகங்களைத் தடை செய்ய 1876-லேயே வெள்ளை அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. தாஸ் பலமுறை கைதானார். விடுதலையாகி வந்ததும் மறுபடியும் மேடை ஏறினார். மறுபடியும் பாடினார்.

சாதிக் கொடுமை

வெள்ளையரின் சிறையைவிடக் கொடியது ஒன்று இருந்தது. பார்க்க வந்தவர்கள் முருகனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உடன் நடிக்க வேண்டிய சில நடிகைகளோ, அவருடைய சாதியைச் சொல்லி ஜோடியாக நடிக்க மறுத்தார்கள். அந்த அவமானத்தையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

நாடெங்கும் புகழ் இருந்தது. வீட்டில் பணம் இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. உடல் தளர்ந்தது. அப்படியும் நடிப்பதை அவர் விடவில்லை.

கடைசிப் பாட்டு

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து விஸ்வநாததாஸ் பாடினார். பாடிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 54.

அவர் விரட்டிப் பாடிய வெள்ளைக் கொக்கு 1947-ல் பறந்து போயிற்று. அதைக் காண அவர் இல்லை. திருமங்கலத்தில் இன்று அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. கோவில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்னும் விடிய விடிய நடக்கிறது.