பட்டறையில் பிறந்த கலப்பை

கோடை விடுமுறையில் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் செல்லும் மாணவர்கள், வயற்கிணற்றின் அருகே நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கண்டிருக்கலாம். பல ஊர்களில் அவ்வியந்திரத்தின்மேல் 'கிர்லோஸ்கர்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். நாம் வாழும் புனே நகரில், கட்கிப் பகுதியிலும் அதே பெயர் தாங்கிய தொழிற்சாலை உண்டு. தமிழக உழவரும் மராட்டிய உழவரும் ஒருங்கே அறிந்த அப்பெயருக்கு உரியவர் இலட்சுமணராவ் கிர்லோஸ்கர். மிதிவண்டி பழுதுபார்க்கும் சிறிய பட்டறையிலிருந்து தொடங்கி, நாடறிந்த தொழில் முன்னோடியாக உயர்ந்த அவரது வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இலட்சுமணராவ் 1869-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், பெல்காம் மாவட்டத்தைச் சேர்ந்த குர்லஹோசூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று கர்நாடக மாநிலத்தில் உள்ளது. தந்தையார் காசிநாத் வேதாந்த நூல்களில் தேர்ந்தவர். மகனின் மனமோ ஏட்டுக் கல்வியைவிட ஓவியத்திலும் இயந்திரங்களிலும் ஈடுபட்டது. தந்தையின் விருப்பம் வேறாக இருந்தபோதிலும், தமையனார் இராமண்ணாவின் உதவியோடு 1885-ஆம் ஆண்டு பம்பாய் சென்று, சே. சே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு பேரிடர் காத்திருந்தது. சில வண்ணங்களை வேறுபடுத்தி அறியும் ஆற்றல் தம் கண்களுக்கு இல்லை என்பதை அவர் உணர்ந்தார். வண்ணம் அறியாதவர் ஓவியராக விளங்குவது எங்ஙனம்? இளமை முதல் கண்ட கனவு கலைந்தது. ஆயினும் அவர் ஊர் திரும்பவில்லை. இயந்திர வரைபடத்திற்கு வண்ணம் தேவையில்லை. கோடும் அளவும் பிழையின்றி அமைந்தால் போதும். எனவே அத்துறையைக் கருத்தூன்றிக் கற்றார். பின்னர், பம்பாயிலிருந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியில் அப்பாடத்தையே கற்பிக்கும் துணை ஆசிரியரானார். ஓய்வு நேரத்தில் இயந்திரங்களை இயக்கியும் பழுதுபார்த்தும் தொழில் பழகினார்.

அக்காலத்தில் மிதிவண்டி நம் நாட்டில் அரிய பொருள். மேல்நாடுகளிலிருந்து கப்பலில் வந்த அவ்வண்டியைப் பம்பாயில் கண்ட இலட்சுமணராவ், அதனை ஓட்டக் கற்றதோடு அதன் அமைப்பையும் ஆராய்ந்தார். பம்பாயில் வண்டிகளை வாங்கிப் பெல்காமிலிருந்த தமையனாருக்கு அனுப்பினார். உடன்பிறந்தார் இருவரும் அங்கே மிதிவண்டிக் கடை ஒன்றை நடத்தினர். 1888-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கடையே பிற்காலத்துத் தொழில்களுக்கெல்லாம் வித்து எனக் கருதப்படுகிறது. வண்டி விற்பது, ஓட்டக் கற்பிப்பது, பழுதுபார்ப்பது ஆகிய மூன்றும் அங்கே நடைபெற்றன.

பழுதுபார்ப்பது எளிய தொழில் என்று சிலர் எண்ணுவர். உண்மையில் அது ஒரு பெரிய கல்வி. ஓர் இயந்திரத்தைக் கழற்றும்போது, அதனைச் செய்தவரின் எண்ணம் நமக்குப் புலனாகிறது. எந்த உறுப்பு விரைவில் தேய்கிறது, எந்த இடத்தில் முறிகிறது, அது ஏன் என்பன எல்லாம் கைவழியே அறிவுக்கு எட்டுகின்றன. கோயம்புத்தூரில் அறிவியலாளர் ஜி. டி. நாயுடு தம் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பத்தைக் கற்றார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. இலட்சுமணராவுக்கும் பழுதுபார்க்கும் பட்டறையே பள்ளிக்கூடமாயிற்று.

கல்லூரியில் தமக்கு உரிய பதவி உயர்வு கிடைக்காமையால், அவர் ஆசிரியப் பணியைத் துறந்து பெல்காமுக்குத் திரும்பினார். மாதந்தோறும் வந்த ஊதியம் நின்றது. இனிப் பட்டறையை நம்பியே குடும்பம் வாழவேண்டும். மிதிவண்டியை வாங்குவோரோ நகரத்துச் செல்வர் சிலரே. ஊர்களில் வாழும் பெருந்திரளான மக்கள் உழவர்கள். அவர்களுக்குப் பயன்படும் கருவியைச் செய்தாலன்றித் தொழில் நிலைக்காது என்று அவர் தெளிந்தார். முதலில் மாட்டுத் தீவனத்தை நறுக்கும் கருவியைச் செய்தார். அடுத்து அவர் கருத்து கலப்பையின்மீது சென்றது.

நம் நாட்டு மரக்கலப்பையின் நுனியில் கொழு என்னும் இரும்பு முனை இருக்கும். அது மண்ணைக் கீறிச் செல்லும், புரட்டாது. தக்காணத்துக் கரிசல் நிலத்தில் களைகளின் வேர்கள் ஆழமாக ஓடும். மேலே கீறிய நிலத்தில் அவை மீண்டும் முளைக்கும். இரும்புக் கலப்பையிலோ கொழுவின் பின்னே வளைந்த தகடு ஒன்று அமைந்திருக்கும். கொழு வெட்டிய மண்ணை அத்தகடு தலைகீழாகப் புரட்டும். களை வேரோடு வெளிப்பட்டு வெயிலில் காயும். அடிமண் மேலே வரும். 1903-ஆம் ஆண்டு இலட்சுமணராவ் தம் முதல் இரும்புக் கலப்பையைச் செய்து முடித்தார்.

ஆனால் அதனை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. இரும்பு பட்டால் மண் நஞ்சாகும், பயிர் விளையாது என்று உழவர்கள் அஞ்சினர். பட்டறையில் கலப்பைகள் விற்காமல் கிடந்தன. முதற் கலப்பையை விற்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கையிலிருந்த பொருளெல்லாம் இரும்பாக மாறி மூலையில் கிடக்க, அவ்விரண்டு ஆண்டுகளைக் கடப்பது எத்துணைக் கடினம்!

உழவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஓர் ஆண்டு விளைச்சல் பொய்த்தால், அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. கண்ணால் காணாத ஒன்றை நம்பி நிலத்தைப் பணயம் வைக்க அவர்கள் தயங்கியது இயல்பே. நம்பிக்கை சொல்லால் வருவதன்று. விளைந்த வயலைக் கண்ட பின்னரே வரும். ஒரு வயல் செழித்ததைக் கண்டு அடுத்த வயலார் கேட்டனர். மெல்ல மெல்லக் கலப்பை ஊர் ஊராகப் பரவியது.

தொழில் தழைக்கும் வேளையில் மற்றோர் இடர் வந்தது. பெல்காமில் பட்டறை இருந்த இடத்தை விட்டு நீங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அப்போது ஔந்து என்னும் சிறிய நாட்டின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி, தம் நாட்டில் 32 ஏக்கர் நிலமும் தொழில் தொடங்கக் கடனும் தந்தார். அந்நிலம் குண்டல் சாலை என்னும் தொடர்வண்டி நிலையத்தின் அருகில் இருந்தது. சப்பாத்திக் கள்ளியும் பாம்புகளும் மண்டிய வறண்ட நிலம் அது. 1910-ஆம் ஆண்டு இலட்சுமணராவ் இருபத்தைந்து தொழிலாளர்களோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் அங்கே குடியேறினார். கள்ளியை வெட்டினர், குடிசைகள் அமைத்தனர், வார்ப்படச் சாலை எழுப்பினர். அவ்விடம் கிர்லோஸ்கர்வாடி என்னும் பெயர் பெற்றது. புனேவிலிருந்து மிரஜ் செல்லும் தொடர்வண்டியில் பயணம் செய்வோர் இன்றும் அந்நிலையத்தைக் காணலாம்.

கிர்லோஸ்கர்வாடி தொழிற்சாலை மட்டுமன்று. ஒரு புதிய ஊர். அங்கே தீண்டாமைக்கு இடமில்லை என்று இலட்சுமணராவ் வகுத்தார். சிறை சென்று மீண்டவர்களுக்கும் வேலை தந்து, காவல் பணியையே நம்பி ஒப்படைத்தார். பழுதுற்ற இயந்திரத்தைக் குப்பையில் எறியாத அவர், தவறிய மனிதரையும் ஒதுக்கவில்லை.

முதல் உலகப் போர் மூண்டபோது, மேல்நாட்டு இரும்பு வருவது அருகியது. அக்காலத்தில் கோல்ஹாபூர் அரசர் ஷாகு மகாராஜா, தம் கோட்டையில் பயனற்றுக் கிடந்த பழைய பீரங்கிகளைக் கலப்பை செய்வதற்காகக் கொடுத்தார் என்று அப்பகுதி மக்கள் கூறுவர். போருக்கு வார்த்த இரும்பு உழவுக்கு உருகியது என்னும் அச்செய்தி இன்றும் அங்கே பெருமையோடு பேசப்படுகிறது.

காலப்போக்கில் நிலக்கடலை உடைக்கும் கருவி, கரும்பு ஆலை, நீர் இறைக்கும் இயந்திரம் எனப் பல கருவிகள் கிர்லோஸ்கர்வாடியிலிருந்து வெளிவந்தன. இலட்சுமணராவின் மகன் சாந்தனுராவ் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று திரும்பினார். 1941-ஆம் ஆண்டு ஹரிஹர் நகரில் கடைசல் இயந்திரம் செய்யும் தொழிற்சாலை அமைந்தது. இரும்பைச் சுழற்றிச் சீவி வடிவமைக்கும் இவ்வியந்திரம் இல்லாத பட்டறை இல்லை. கருவிகளைச் செய்வதற்கான கருவியே நம் நாட்டில் உருவாயிற்று. 1946-ஆம் ஆண்டு புனேவின் கட்கியில் எண்ணெய் இயந்திரத் தொழிற்சாலை தோன்றியது. பிற்காலத்தில் சாந்தனுராவ் தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்குக் கள்ளியும் ரோஜாவும் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இலட்சுமணராவ் 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவரது நூற்றாண்டான 1969-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

ஓவியராக இயலாதபோது வரைபடம் கற்றார். பதவி உயர்வு கிட்டாதபோது பட்டறை நாடினார். வாங்குவோர் இல்லாதபோது பொறுத்திருந்தார். இடம் பறிபோனபோது கள்ளிக்காட்டை ஊராக்கினார். ஒரு வழி அடைபட்ட ஒவ்வொரு முறையும் அவர் தம் கைத்தொழிலையே துணையாகக் கொண்டு மறுவழி கண்டார். மாணவர்களே! நம் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் கடிகாரமோ மின்விசிறியோ வெறும் குப்பையன்று. கற்பதற்குக் காத்திருக்கும் பாடம். பெரியோர் துணையுடன் அதனைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அமைந்தது என்று வினவுங்கள். உழைக்கும் கைகளை மதியுங்கள். கையும் அறிவும் இணையும் இடத்திலேயே புதியன பிறக்கின்றன.

பயிற்சி

1. இலட்சுமணராவ் ஓவியக் கல்வியைத் தொடர இயலாமைக்குக் காரணம் யாது?
2. மரக்கலப்பைக்கும் இரும்புக் கலப்பைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. உழவர்கள் இரும்புக் கலப்பையை வாங்கத் தயங்கியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் கூறுக.
4. உம் பகுதியில் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் ஐந்து கருவிகளின் தமிழ்ப் பெயர்களையும் மராத்திப் பெயர்களையும் அறிந்து எழுதுக.