சமத்துவத்தைச் சட்டமாக்கிய தாடியஸ் ஸ்டீவன்ஸ்

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த வரலாற்றைக் கூறுவோர் ஆபிரகாம் லிங்கனை மறவாது போற்றுவர். அது முறையே. ஆயினும், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சட்டத்தின் முன் ஏனையோருக்கு நிகராக நிற்க வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரசில் வாக்கு வாக்காகச் சேர்த்துப் போராடிய தாடியஸ் ஸ்டீவன்சை நம் இளைஞருள் பலர் அறியார். நம் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவிலே சட்டங்களின் சமமான பாதுகாப்பு என ஒரு தொடர் உண்டு. அத்தொடர், அவர் முன்னின்று நிறைவேற்றிய அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தில் இடம்பெற்றதாகும். இரண்டிற்கும் ஒரே எண் அமைந்தது தற்செயலே.

ஸ்டீவன்ஸ் 1792 ஏப்ரல் 4ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கால் ஊனமுற்றிருந்தது. தந்தை குடும்பத்தைக் கைவிட்டு அகன்றார். நான்கு ஆண்மக்களையும் தாய் சாராவே உழைத்துக் காப்பாற்றினார். உழவுக்கு உதவாத காலுடைய இம்மகன் கல்வியால்தான் தலைநிமிர வேண்டும் என்று துணிந்த அவ்வன்னை, நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஸ்டீவன்ஸ் 1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, 1816இல் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அவர் வாழ்வில் மறைக்கக் கூடாத ஒரு கறையும் உண்டு. 1821இல் அடிமை உடைமையாளர் ஒருவருக்காக வாதாடி வென்று, விடுதலை கோரிய ஒரு கறுப்பினத் தாயை மீண்டும் அடிமைத்தளைக்குள் தள்ளினார். பின்னாளில் அவர் தப்பியோடி வந்த அடிமைகளுக்காக வாதாடலானார்.

நம் சங்கம் போன்ற கல்விச் சங்கத்தார் ஊன்றிப் படிக்க வேண்டிய நிகழ்ச்சி 1835இல் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு, பென்சில்வேனியாவில் பொது வரியைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி நடத்தும் சட்டம் இயற்றப்பெற்றது. பிறர் பிள்ளை படிப்பதற்கு நாங்கள் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று மனுக்கள் குவிந்தன. மாநிலச் செனட் சபை அஞ்சிச் சட்டத்தை நீக்க வாக்களித்தது. கீழவையும் அவ்வழியே செல்லும் என்று எல்லோரும் எண்ணியிருக்க, அவ்வவையின் உறுப்பினரான ஸ்டீவன்ஸ் ஏப்ரல் 11ஆம் நாள் எழுந்து பேசினார். குற்றமே செய்யாதவனும் சிறைச்சாலைக்கு வரி செலுத்துகிறான், வழக்கே இல்லாதவனும் நீதிமன்றத்திற்கு வரி செலுத்துகிறான், அவ்வாறிருக்கப் பள்ளிக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஏழைப் பிள்ளைகளை ஏழைகள் என்று தனியே பதிவு செய்து இரக்கத்தால் கற்பிப்பது, அவர்களை இழிவுபடுத்துவதே என்றும் எடுத்துரைத்தார். சபை மனம் மாறிற்று, சட்டம் பிழைத்தது.

1838இல் அம்மாநிலத்திற்குப் புதிய அரசியலமைப்பு வரையப்பெற்றபோது, வாக்குரிமை வெள்ளையருக்கே என்று எழுதப்பட்டமையால், அதில் கையொப்பமிட அவர் மறுத்தார். 1849இல் அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்து, 1859இல் மீண்டும் வந்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அரசின் வருவாய்க்கு வழிகாணும் குழுவின் தலைமை அவரிடம் இருந்தது. 1863இல் தென்னவர் படை அவருடைய இரும்பு ஆலையை எரித்தது.

1865 ஜனவரி 31ஆம் நாள் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆம் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. சிக்கல் அதன் பின்னரே மூண்டது. முன்னர், மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடுகையில் அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டனர். விடுதலை பெற்றபின் அவர்கள் முழு எண்ணிக்கையில் சேர்ந்தனர். ஆகவே, கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தராமலேயே, அவர்தம் தலைகளை எண்ணிக் காட்டித் தென் மாநிலங்கள் முன்னினும் மிகுதியான இடங்களைப் பெறும் நிலை உண்டாயிற்று. அம்மாநிலங்களோ வேலையற்றுத் திரிந்ததாகக் கூறிக் கறுப்பினத்தவரைத் தண்டித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டங்களை இயற்றிக்கொண்டிருந்தன.

அவ்வாண்டு டிசம்பரில் சபை கூடியபோது, ஸ்டீவன்ஸ் அணியினரின் திட்டப்படி, தென் மாநில உறுப்பினர் பெயர்கள் வருகைப் பதிவில் அழைக்கப்படவில்லை. இரு அவைகளிலிருந்தும் 15 பேர் கொண்ட கூட்டுக் குழு அமைந்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் குடியுரிமைச் சட்டத்தை மறுத்துத் திருப்பியனுப்பினார். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் 1866 ஏப்ரலில் அதனை மீண்டும் நிறைவேற்றின. எனினும் சாதாரணச் சட்டத்தை நாளைய பெரும்பான்மை நீக்கிவிடலாம். அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டால் அவ்வாறு எளிதில் நீக்க இயலாது. அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்கும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் ஒப்புதலும் வேண்டும்.

அத்தனை வாக்குகளைச் சேர்ப்பதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. கறுப்பின ஆடவருக்கு நேரடியாக வாக்குரிமை வழங்கும் விதி 14ஆம் திருத்தத்தில் இடம்பெறவில்லை. மறுக்கும் மாநிலம் இடங்களை இழக்கும் என்பதோடு அது நின்றது. பெண்களுக்கு அதனினும் ஏமாற்றமே மிஞ்சியது. ஜூன் 13ஆம் நாள் இறுதி வாக்கெடுப்பின்போது, தாம் கனவு கண்ட கட்டடம் இது அன்று என்று ஸ்டீவன்ஸ் சபையிலேயே வெளிப்படையாகக் கூறினார். தேவர்களோடு அன்றி மனிதர்களோடு வாழ்வதால் இதனை ஏற்பதாகவும் சொன்னார். 120க்கு 32 என்ற வாக்கில் திருத்தம் நிறைவேறியது. கிடைத்ததை ஏற்கையிலேயே அதன் குறையையும் அவர் எடுத்துக்கூறினார். இந்நேர்மை அரசியலில் அரிது.

நிலத்தைப் பொறுத்தவரை அவர் முற்றிலும் தோற்றார். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற குடும்பத்திற்கு 40 ஏக்கர் வீதம் அளிக்க வேண்டும் என்று 1865 முதல் அவர் வற்புறுத்தினார். தம் கட்சியினரே சொத்துரிமை என்று சொல்லிப் பின்வாங்கினர். விளைவு யாது? கறுப்பினக் குடியானவர் பழைய ஆண்டைகளின் நிலத்திலேயே வாரத்திற்குப் பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கடனில் மூழ்கினர். அண்ணல் அம்பேத்கர் 1947இல் வெளியிட்ட தம் அரசியலமைப்புத் திட்டத்தில் உரிமைகளோடு நிறுத்தாமல், விளைநிலங்கள் அரசுடைமையாக வேண்டும் என்றும் எழுதியதை இங்கு நினைவுகூர வேண்டும். அதுவும் ஏற்கப்படவில்லை.

1868இல் ஜான்சன்மீது சபை குற்றச்சாட்டுத் தீர்மானம் கொண்டுவந்தபோது, நோயுற்ற ஸ்டீவன்சை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். செனட் சபையில் ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் ஜான்சன் பதவி தப்பினார். ஜூலை மாதம் 14ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 11ஆம் நாள் ஸ்டீவன்ஸ் மறைந்தார். காங்கிரஸ் மாளிகையில் வைக்கப்பெற்ற அவர் உடலுக்குக் கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றனர். அத்திருத்தத்தை 1896இல் உச்சநீதிமன்றம் வலுவிழக்கச் செய்தது. அதே திருத்தத்தைக் கொண்டே 1954இல், பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

லங்காஸ்டர் நகரில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் கறுப்பினத்தவர் உடலை ஏற்பதில்லை என்பதால், எல்லோருக்கும் இடமளித்த ஒரு சிறு தோட்டத்தைத் தமக்கென அவர் தேர்ந்திருந்தார். காரணத்தையும் கல்லில் பொறிக்கச் செய்தார். நிறமோ நாடோ பாராமல் அநாதைப் பிள்ளைகளை ஏற்கும் இல்லத்திற்கு அவர் உயிலில் வழி செய்திருந்தார். அவ்வுயில்மீது வழக்குகள் நெடுநாள் நடந்து 1894இல்தான் முடிந்தன. அதன்படி கிடைத்த 50,000 டாலரைக் கொண்டு 1905இல் லங்காஸ்டரில் அமைந்த தொழிற்பள்ளி, இன்று தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடைபெறுகிறது.